பத்தடி தூரத்துப் பெட்டி

கைபேசியில் சினிமா ஓடுகிறது, ஒரு தடங்கல் இல்லை. அதே மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரைத் திறக்கிறீர்கள். அது இருப்பது பக்கத்து அறையில், பத்தடி தூரத்தில் உள்ள ஒரு பெட்டியில். பச்சைக் கோடு ஊர்கிறது, நிற்கிறது, மறுபடி ஊர்கிறது. மீதமுள்ள நேரம் 3 நிமிடம் என்று காட்டிவிட்டு, மனம் மாறி 40 நிமிடம் என்கிறது.

சின்ன அலுவலகத்தில் வேலை பார்த்த எல்லோருக்கும் இந்தக் கேள்வி வந்திருக்கும். ஊர் தாண்டி வருவது ஓடுகிறது, அடுத்த அறையில் இருப்பது ஏன் முடங்குகிறது? பெரும்பாலோர் உடனே இணைய இணைப்புக்காரரைக் கூப்பிடுவார்கள். அவரும் வந்து தன் கைபேசியில் வேகத்தை அளந்து காட்டி, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அவருடைய கம்பிக்கும் இந்தக் கோளாறுக்கும் சம்பந்தமே கிடையாது.

தூரத்தின் மேல் பழி வேண்டாம்

கேபிளுக்குள் சமிக்ஞை செகண்டுக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. மும்பையிலிருந்து சிங்கப்பூருக்கு நேர்க்கோட்டில் ஏறக்குறைய 3,900 கிலோமீட்டர். போய்வர, குறைந்தது 39 மில்லிசெகண்ட் ஆகும். ஒரு மில்லிசெகண்ட் என்பது செகண்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பத்தடி தூரத்துக்கு ஆகும் நேரமோ ஒரு மில்லிசெகண்டில் பல்லாயிரத்தில் ஒரு பங்குதான், கணக்கிலேயே சேராது.

அப்படியானால் சினிமா எப்படித் தடங்கலின்றி ஓடுகிறது? முதல் காரணம், அது நாம் நினைக்கும் அளவு தூரத்திலிருந்து வருவதில்லை. அதிகம் பேர் பார்க்கும் படங்களின் நகல்களை கூகுள், நெட்ஃபிளிக்ஸ் போன்ற நிறுவனங்கள் இணைய இணைப்பு தருபவர்களின் கட்டிடங்களிலேயே வைத்திருக்கின்றன. இரண்டாம் காரணம் இன்னும் முக்கியமானது. இப்போது நீங்கள் பார்க்கும் காட்சிக்கு அடுத்து எந்தக் காட்சி வரும் என்று கைபேசிக்குத் தெரியும். அதை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்கிறது. நடுவில் அரை செகண்ட் தடை வந்தாலும் நமக்குத் தெரியாது.

உங்கள் ஃபோல்டருக்கு அந்த வசதி இல்லை. ஒரு கோப்பு வந்து முடிந்த பிறகுதான் அடுத்ததைக் கேட்கிறது. அதன் விளைவு என்ன என்பதுதான் இந்த அத்தியாயம்.

எட்டால் வகுக்க மறப்பது

அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. கம்பி வேகத்தை விற்பவர்கள் பிட்டில் சொல்கிறார்கள், கோப்பின் அளவை கம்ப்யூட்டர் பைட்டில் சொல்கிறது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். இன்று அலுவலகங்களில் பரவலாக உள்ள ‘கிகாபிட்’ கம்பி செகண்டுக்கு 1000 மெகாபிட், அதாவது 125 மெகாபைட் கடத்தும். அனுப்புநர், பெறுநர் முகவரி போன்ற உறைச் செலவுகள் போகக் கையில் கிடைப்பது சுமார் 118. அதற்கு முந்தைய தலைமுறைக் கம்பியில் 100 மெகாபிட். அதில் கிடைப்பது 11 மெகாபைட், கொஞ்சம் முன்பின்.

இந்த எண்கள் சிறியவை என்று தோன்றினால் ஒரு ஒப்பீடு. 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது தொலைபேசிக் கம்பி வழியே கிடைத்த வேகம் செகண்டுக்கு 9.6 கிலோபிட். 2 ஜிபி கல்யாண வீடியோ ஒன்றை அதில் இறக்கியிருந்தால் இரவுபகலாக 19 நாள் ஓடியிருக்கும். தொலைபேசி பில்லை நினைத்தே பார்க்க வேண்டாம்.

118, 11 என்ற இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாதி நோயை இவையே கண்டுபிடித்துவிடும்.

இரண்டும் 2 ஜிபி

மும்பை மாட்டுங்காவில் ஒரு ஆடிட்டர் ஆபீஸ் என்று வைத்துக்கொள்வோம். கிங்ஸ் சர்க்கிள் பக்கம், பழைய கட்டிடத்தில், குடியிருப்பாக இருந்து அலுவலகமாக மாறிய மூன்று அறைகள். ஆறு கம்ப்யூட்டர். உள்ளறை அலமாரியில், எல்லோருக்கும் பொதுவான கோப்புகளைத் தாங்கிய ஒரு பெட்டி. இதை வலைச் சேமிப்பகம் எனலாம், ஆபீஸில் எல்லோரும் சொல்வது ‘நாஸ்’. உள்ளே இரண்டு 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க். ஒன்றில் எழுதுவது அப்படியே இன்னொன்றிலும் எழுதப்படும், ஒன்று செத்தால் மற்றது காப்பாற்ற.

வாடிக்கையாளர்களில் பலர் தாராவித் தோல் பட்டறைக்காரர்கள், செம்பூர்க் கடைக்காரர்கள். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்ததிலிருந்து வாங்கியது, விற்றது எல்லாவற்றுக்கும் பில் வேண்டும். அதை யாரும் ஸ்கேன் செய்து அனுப்புவதில்லை. கைபேசியில் படமெடுத்து வாட்ஸாப்பில் தட்டிவிடுவார்கள். வாட்ஸாப் படத்தைச் சுருக்கிவிடும், ஒரு பில் ஏறக்குறைய 100 கிலோபைட். ஒரு பட்டறையின் சில வருடக் கணக்கு 20,000 பில் என்று கொள்வோம். பெருக்கினால் 2 ஜிபி.

அதே நாஸில் ஆடிட்டர் வீட்டுக் கல்யாண வீடியோ ஒன்றும் கிடக்கிறது (எந்த ஆபீஸ் நாஸில் இல்லை?). அதுவும் 2 ஜிபி, ஒரே கோப்பு.

இரண்டையும் உங்கள் கம்ப்யூட்டருக்கு நகலெடுங்கள். எல்லாம் நல்ல நிலையில் இருந்தால் வீடியோ 17 செகண்டில் வந்துவிடும். பில் ஃபோல்டர் 11 நிமிடம் தாண்டியும் வந்துகொண்டிருக்கும். கம்பி அதே, பெட்டி அதே, அளவும் அதே. நாற்பது மடங்கு வித்தியாசம்.

இங்கே இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒரு செகண்டில் எவ்வளவு தரவு வருகிறது என்பது ஒன்று, அதைப் பாய்வளவு என்போம். ஒன்றைக் கேட்டுவிட்டு அது வரத் தொடங்கும்வரை எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறோம் என்பது இன்னொன்று, அதைக் காத்திருப்பு என்போம். வீடியோவுக்குக் காத்திருப்பு ஒருமுறை. பில்களுக்கு 20,000 முறை. ஒவ்வொரு பில்லும் கம்பியில் பயணம் செய்யும் நேரம் ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவு. அதற்கு முந்தைய காத்திருப்பு 34 மில்லிசெகண்ட் என்று வையுங்கள். ஆக மொத்தம் 35. இருபதாயிரத்தால் பெருக்கினால் 700 செகண்ட், 11 நிமிடம் 40 செகண்ட்.

அந்த 34 மில்லிசெகண்ட் எங்கே போகிறது

பெரும்பங்கு ஹார்ட் டிஸ்க்குக்கு. உள்ளே ஒரு வட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கிறது. அதன்மேல் படிக்கும் தலை ஒன்று உள்ளும் புறமும் நகர்கிறது. வேண்டிய வட்டப்பாதைக்குத் தலை போய்ச்சேரச் சராசரியாக 8 மில்லிசெகண்டுக்குச் சற்று மேல். அந்தப் பாதையில் வேண்டிய இடம் சுழன்று தலைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, இன்னொரு 4. ஆக ஒரு தேடலுக்கு 12.5 மில்லிசெகண்ட். செகண்டுக்கு 80 தேடல்தான் அதன் முழுத் திறமை. கோப்பு எங்கே இருக்கிறது என்று குறிப்பைப் பார்க்க ஒரு தேடல், கோப்பை எடுக்க ஒரு தேடல் என்று வைத்தால் 25 மில்லிசெகண்ட் இங்கேயே தீர்ந்தது.

ஹார்ட் டிஸ்க்கின் சரித்திரத்தில் இது ஒரு விசித்திரம். ஐபிஎம் 1956-இல் வெளியிட்ட ராமாக் என்ற முதல் டிஸ்க் இயந்திரத்தில் ஐம்பது வட்டுகள் இருந்தன. கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். ஒரு இடத்தைத் தேட சுமார் 600 மில்லிசெகண்ட். இன்று கடையில் 20 டெராபைட் டிஸ்க் கிடைக்கிறது. கொள்ளளவு 40 லட்சம் மடங்கு வளர்ந்துவிட்டது. தேடும் நேரம் ஐம்பது மடங்குகூடக் குறையவில்லை. காந்தப் புள்ளிகளைச் சிறிதாக்கிக்கொண்டே போகலாம், ஓர் உலோகக் கையை நகர்த்தி நிறுத்துவதை அப்படி விரைவாக்க முடியவில்லை. நிமிடத்துக்கு 15,000 சுற்று சுழலும் டிஸ்க்குகளும் வந்து பார்த்தன. சூடு, சத்தம், விலை. சின்ன ஆபீஸ் பக்கம் அவை வரவேயில்லை.

மிச்சமிருக்கும் 9 மில்லிசெகண்டைப் பேச்சுவார்த்தையும் காவலும் பகிர்ந்துகொள்கின்றன. விண்டோஸ் கம்ப்யூட்டர்களும் நாஸும் பேசிக்கொள்ளும் எஸ்எம்பி என்ற முறை 1980களில் ஐபிஎம்மில் பிறந்தது. இந்தப் பெயரில் கோப்பு இருக்கிறதா, திறக்க அனுமதி உண்டா, அளவு என்ன, கொடு, மூடு என்று ஒவ்வொரு கோப்புக்கும் சில கேள்வி பதில்கள் போய்வரும். பழைய வடிவம் தாங்க முடியாத வாயாடி. 2006-இல் விஸ்டாவுடன் வந்த இரண்டாம் வடிவத்தில் நூற்றுக்கு மேல் இருந்த கட்டளைகளை 19 ஆகக் குறைத்தார்கள். ஆறு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் அரை மில்லிசெகண்ட் என்றால் 3. வந்த கோப்பைப் பிரித்துச் சோதிக்கும் வைரஸ் காவல் மென்பொருளுக்கு ஒரு 6. கணக்கு சரியாகிவிட்டது.

சோதனை செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே ஃபோல்டரை இரண்டாம் முறை நகலெடுத்தால் விறுவிறுவென்று வரும். சரியாகிவிட்டது என்று மகிழ வேண்டாம். முதல்முறை படித்ததில் ஒரு பங்கை நாஸ் தன் நினைவகத்தில் வைத்திருக்கிறது, டிஸ்க்கைத் தொடவேயில்லை. ஒவ்வொரு சோதனைக்கும் புது ஃபோல்டர் வேண்டும்.

நாலு ஜோடிக் கம்பி

இனி நோய்க்கு வருவோம். ஆபீஸில் மெதுவாக இருக்கிறது என்று புகார். முதல் வேலை, அந்தக் கல்யாண வீடியோவை நகலெடுத்து வேகத்தைப் பார்ப்பது. 110-ஐ ஒட்டி வந்தால் கம்பியில் குறையில்லை. துல்லியமாக 11-இல் வந்து ஒட்டிக்கொண்டு நின்றால் விஷயம் அங்கேயே முடிந்தது. கிகாபிட் கம்பி பழைய வேகத்துக்கு இறங்கியிருக்கிறது.

அது எப்படி இறங்கும்? நெட்வொர்க் கேபிளைக் கீறினால் ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று நாலு ஜோடி முறுக்குக் கம்பிகள். பழைய 100 மெகாபிட்டுக்கு ஆரஞ்சும் பச்சையும் போதும். 1999-இல் தரப்படுத்தப்பட்ட தாமிரக் கம்பி கிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரே ஒரு கம்பி விட்டுப்போனாலும் இரு முனைச் சாதனங்களும் கிகாபிட்டை முயன்று பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. எல்லாம் வேலை செய்யும், பத்தில் ஒரு பங்கு வேகத்தில். கம்பி அறுந்தே போயிருந்தால் அன்றைக்கே ஆள் வந்து சரிசெய்திருப்பார். அரைகுறையாக இருப்பதால்தான் வருடக்கணக்கில் கிடக்கிறது.

மும்பையில் இதற்குக் காரணங்கள் தாராளம். கடலோரக் காற்றின் உப்பும் மழைக்கால ஈரமும் முனைகளைக் களிம்புபிடிக்க வைக்கின்றன. எலி இருக்கிறது. லாமிங்டன் ரோட்டில் பாதி விலைக்குக் கிடைக்கும் கேபிள் சுருளில் தாமிரம் பூசிய அலுமினியக் கம்பி இருக்கலாம். தரவிதிப்படி அது நெட்வொர்க் கேபிளே அல்ல, சில முறை மடக்கினால் உள்ளே முறிந்துவிடலாம். நான் மிகவும் ரசிப்பது பழைய ஆபீஸ்களின் ஜுகாடை. ஒரு கேபிளில் இரண்டு ஜோடி சும்மாதானே கிடக்கிறது என்று அவற்றைப் பிரித்து இன்னொரு கம்ப்யூட்டருக்கோ தொலைபேசிக்கோ கொடுத்திருப்பார்கள். 100 மெகாபிட் காலத்தில் அது சாமர்த்தியம். அந்தச் சுவருக்குள் இன்று கிகாபிட் ஓடாது, நாஸ் எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும்.

கண்டுபிடிக்கப் பணம் செலவில்லை. விண்டோஸில் நெட்வொர்க் விவரத்தைத் திறந்தால் இணைப்பு வேகம் 1000 என்றோ 100 என்றோ எழுதியிருக்கும். கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் சுவிட்ச் பெட்டியில் ஒவ்வொரு துளைக்கும் உள்ள விளக்கின் நிறமும் இதையே சொல்லும், எந்த நிறம் எதற்கு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சந்தேகம் தீர ‘ஐபெர்ஃப்’ என்ற இலவச மென்பொருள் உண்டு. அது டிஸ்க்கைத் தொடாமல் நினைவகத்திலிருந்து நினைவகத்துக்குத் தரவை அனுப்பிக் கம்பியை மட்டும் அளக்கும். கம்பி ஒரு பாதி, டிஸ்க் ஒரு பாதி என்று நோயாளியை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

எதை மாற்றினால் எது வேகமாகும்

நம் ஆடிட்டர் ஆபீஸில் கேபிள் 100-இல் ஓடுகிறது என்று வையுங்கள். வீடியோவுக்கு மூன்று நிமிடம் ஆகிறது. பில் ஃபோல்டருக்கு? காத்திருப்பு அதே 34, பயணம் மட்டும் 9 மில்லிசெகண்டாகக் கூடுகிறது. மொத்தம் 14 நிமிடம் சொச்சம். கேபிளை மாற்றினால் வீடியோ 17 செகண்டுக்கு வரும், பில் ஃபோல்டர் 11 நிமிடம் 40 செகண்டுக்கு. வீடியோவைப் பார்ப்பவர் கைதட்டுவார். கெடுவுக்குள் வரி ரிட்டர்ன் போட வேண்டிய உதவியாளர் பெரிய மாற்றம் எதையும் உணர மாட்டார். இந்த ஆபீஸுக்குப் பத்து கிகாபிட் சுவிட்ச் விற்க ஒருவர் வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடலாம். பில் ஃபோல்டரில் அது மிச்சப்படுத்துவது பதினைந்து செகண்ட்.

பில்களுக்கு மருந்து காத்திருப்பைக் குறைப்பதில் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டால் சுழலும் வட்டும் இல்லை, நகரும் தலையும் இல்லை. தேடல் பத்தில் ஒரு மில்லிசெகண்ட் அளவுக்கு வந்துவிடும். கோப்புக்கு 35 ஆக இருந்தது 10 ஆகும், ஃபோல்டர் 3 நிமிடம் 20 செகண்டில் முடியும்.

காசில்லாத வழியும் உண்டு. விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி என்ற கட்டளையை /MT என்று சேர்த்துக் கொடுத்தால், ஒரே சமயத்தில் எட்டுக் கோப்புகளைக் கேட்கும். ஒன்றுக்காகக் காத்திருக்கும்போதே மற்ற ஏழும் நடந்துகொண்டிருக்கும். எட்டு மடங்கு வேகம் எதிர்பார்க்கக் கூடாது, டிஸ்க்கின் தலை ஒன்றுதானே. ஆனாலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். முடிந்துபோன வருடங்களின் பில்களை ஜிப் கோப்பாகக் கட்டிவைப்பது இன்னொன்று. இதை உங்கள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கட்டினால் இருபதாயிரம் கோப்பும் கம்பி வழியே வந்துபோகும், பழைய கதைதான். நாஸின் சொந்தத் திரையில் நுழைந்து, அங்கேயே கட்டச்சொல்ல வேண்டும். அதன் தலை எட்டு நிமிடம் அலையும், அலையட்டும், யாரும் எதிரில் உட்கார்ந்து காத்திருக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த 2 ஜிபி எப்போது கேட்டாலும் 17 செகண்ட்.

டாலி போன்ற கணக்கு மென்பொருளின் தரவை நாஸில் வைத்து எல்லோரும் திறக்கும்போது நடப்பதும் பில்களின் கதையே. ஒரு லெட்ஜரைத் திறக்கப் பல சிறு துண்டுகளைப் படிக்க வேண்டியிருக்கும், நகலெடுக்காமலேயே காத்திருப்பு குவியும். கைவசம் ஒரே ஒரு எஸ்எஸ்டி இருந்தால் முதலில் அதை டாலி தரவுக்குத்தான் கொடுப்பேன்.

வைஃபை பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கேபிளில் அரை மில்லிசெகண்டாக இருந்த கேள்வி பதில், தடித்த சுவர் தாண்டி, அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் ஒரே அலைவரிசையில் முட்டிக்கொள்ளும் கட்டிடத்தில் 5 மில்லிசெகண்டாகலாம். ஆறு கேள்விக்கு 30. வீடியோ ஒன்றரை நிமிடத்துக்குள் வந்துவிடும், பில் ஃபோல்டர் 22 நிமிடத்தை நெருங்கும். லேப்டாப்பில் சினிமா நன்றாகத்தானே ஓடுகிறது என்று அப்போதும் யாராவது சொல்வார்கள்.

எழுதும்போது மட்டும் படுத்துக்கொள்ளும் டிஸ்க்

இதுவரை படிப்பதைப் பற்றிப் பேசினோம். எழுதுவதில் தனி வகை நோய் ஒன்று உண்டு. முதல் சில நிமிடம் நன்றாக ஓடும், பிறகு வேகம் பாதாளத்துக்குப் போகும், சற்று ஓய்வு கொடுத்தால் மறுபடி எழும். சந்தேகிக்க வேண்டியது எஸ்எம்ஆர் வகை டிஸ்க். அதில் வட்டப்பாதைகள் கூரை ஓடுகளைப்போல ஒன்றின் விளிம்பை ஒன்று மூடியபடி அடுக்கப்பட்டிருக்கும். அதனால் அதே வட்டில் கூடுதல் தரவு கொள்ளும். நடுவில் ஒரு ஓட்டை மாற்ற வேண்டுமானால் அதன்மேல் படிந்தவற்றையும் கழற்றி மாட்ட வேண்டும். அந்தச் சிரமத்தைத் தள்ளிப்போட, டிஸ்க் புதுத் தரவை முதலில் ஒரு தனி இடத்தில் போட்டுவைத்து, ஓய்வில் ஒழுங்கு செய்கிறது. அந்த இடம் நிரம்பிவிட்டால் வந்தது வினை.

2020-இல் இது பெரிய விவகாரமானது. நாஸுக்கென்றே விற்கப்பட்ட வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரை சில மாடல்கள் இந்த வகை என்பது, அது வரை சொல்லப்படாமல் இருந்து, வெளியே வந்தது. பின்னர் அந்நிறுவனம் எந்த மாடல் எந்த வகை என்று பட்டியல் வெளியிட்டது, பழைய முறையில் எழுதும் டிஸ்க்குகளுக்கு ரெட் பிளஸ் என்று பெயர் வைத்தது. நாஸுக்கு டிஸ்க் வாங்குமுன் மாடல் எண்ணைத் தேடிப் பார்ப்பது நல்லது, கடைக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம்.

பகல் முழுக்க நீடிக்கும் ஒரு கேஸ்

கடைசியாக ஒரு விசித்திரமான புகார். கம்பி 1000. டிஸ்க் நல்ல வகை. ஆபீஸ் மூடும் நேரத்தில் யாரோ அளந்தபோது வேகம் அருமை. வேலைநாளில் காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் வரை மெதுவு.

ஆறு பேர் ஒன்றாக வேலை செய்வதால் என்று சொல்லிவிடலாம். ஆனால் முதல் ஆள் வந்து தனியாக உட்கார்ந்திருக்கும்போதும் மெதுவாக இருந்தால்? நாஸின் திரையைத் திறந்து டிஸ்க் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அங்கே பதில் எழுதியிருக்கும்: இரண்டு டிஸ்க்கையும் ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன்.

காரணம், நம் ஊரின் நல்ல பழக்கம் ஒன்று. ஆபீஸைப் பூட்டும்போது கடைசி ஆள் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிறார். நாஸுக்கு இது ஒவ்வொரு ராத்திரியும் நேரும் விபத்து. திடீரென்று மின்சாரம் போனதால், ஒரு டிஸ்க்கில் எழுதியது மற்றதிலும் எழுதப்பட்டதா என்று அதற்கு நிச்சயமில்லை. கடைசியாக மாறிய பகுதிகளை மட்டும் குறித்துவைத்து, அவற்றை மட்டும் சரிபார்க்கும் பெட்டிகள் உண்டு, அவை சீக்கிரம் முடித்துவிடும். அந்த வசதி இல்லாதவை 4 டெராபைட்டையும் முதலிலிருந்து கடைசிவரை படிக்கும். செகண்டுக்கு 150 மெகாபைட் வேகத்தில் அதற்கு ஏழரை மணிநேரம் ஆகும். காலை பத்துக்குத் தொடங்கினால் மாலை ஐந்தரை. இடையில் நீங்கள் ஒரு பில்லைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் தலை அந்த வேலையை விட்டுவிட்டு ஓடிவந்து, கொடுத்துவிட்டுத் திரும்ப ஓட வேண்டும்.

நாஸையும் நெட்வொர்க் சுவிட்சையும் மெயினோடு அணையாத தனி இணைப்பில், ஒரு சின்ன யுபிஎஸ்ஸில் மாட்டினால் போதும். அணைத்தே தீர வேண்டும் என்பவர்கள் பெட்டியின் சொந்தப் பொத்தானை அழுத்தி, அது எழுதி முடித்துத் தானாக அணையும் வரை ஒரு நிமிடம் நிற்கலாம். மின்சாரச் செலவுக்குப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு: இரண்டு டிஸ்க் நாஸ் சுமார் 20 வாட் இழுக்கும், பூட்டியிருக்கும் பதின்மூன்று மணிநேரத்துக்கு கால் யூனிட். மாதம் முழுக்க எட்டு யூனிட்கூட வராது, பெஸ்ட் நிறுவனத்தின் மின்சார பில்லில் அதைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.